மீன்கொத்தி முத்திரைத் துறப்பணம்

அண்ணை உயிரோடு இருந்தவரை இதை எழுதக் கூடாது என்று இருந்தேன். அவர் போய் ஆறு வருஷமாகிறது. இன்னும் யாருக்காக வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்? செத்தவரைக் குறை சொல்லாதே என்பார்கள். சொல்லத்தான் போகிறேன். எனக்குச் செய்ததை அவர் உயிரோடு இருந்தபோதுதானே செய்தார்.

யாழ்ப்பாணப் பட்டணத்துக்கு மின்சாரம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்த காலம் அது. எங்கள் வீடு அச்சுவேலிப் பக்கம். அங்கே அரிக்கன் லாம்புதான். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து, எனக்குப் பதினாறு வயதாக இருக்கும்போது காலமானார். நாங்கள் இரண்டு பிள்ளைகள். வாத்தியார் பிள்ளை மக்கு என்று ஊரில் சொல்வதை அண்ணை மெய்யாக்கினார். இங்கிலீசு அவருக்கு ஏறவே இல்லை. கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். ஆனால் கையில் வித்தை இருந்தது. எந்த இயந்திரத்தையும் கழற்றிப் பூட்டுவார். எனக்கு இங்கிலீசு ஏறியது. பெண் பிள்ளைக்கு ஏறி என்ன பயன் என்று மாமாமார் சிரித்தார்கள்.

அண்ணை பட்டணத்தில் ஒரு கொட்டகை எடுத்து பஸ்களுக்கு உடம்பு கட்டும் வேலை தொடங்கினார். கொழும்பிலிருந்து எஞ்சினும் சட்டமும் சில்லும் மட்டும் வரும். மேலே மரத்தாலும் இரும்பாலும் கூடு கட்டுவது இங்கே. அந்த வேலைக்கு ஆயிரம் துளை போட வேண்டும். கையால் சுற்றுகிற துறப்பணத்தோடு நாலைந்து பேர் முறிந்துகொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் மயிலிட்டிக்கு நேரே ஒரு சரக்குக் கப்பல் கல்லில் ஏறிப் பாதி தாழ்ந்து நின்றுவிட்டது. அதிலிருந்து கழற்றிய சாமான்களைக் காங்கேசன்துறையில் ஏலம் போட்டார்கள். அண்ணை போய் ஒரு சாக்கு மூட்டையோடு வந்தார். உள்ளே ஒரு கரண்ட் துறப்பணம். இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, பின்பக்கத் தட்டில் மார்பை வைத்து அமத்த வேண்டும். கப்பல் கரண்ட் வேறு, பட்டணத்துக் கரண்ட் வேறு என்பதால், இடையில் பெரிய பல்புகளைத் தொடுத்துக் கரண்டைக் குறைத்து ஓட்டினார். ஓடினதே ஓட்டம்! பத்துப் பேர் செய்கிற வேலையை ஒரு ஆள் செய்தார். பஸ்காரர்கள் வரிசையில் நின்றார்கள்.

நாலு மாதம். பிறகு உள்ளே இருந்த சின்னப் பல்லுச் சில்லு ஒன்று உடைந்தது. அச்சுவேலியில் ஒரு கன்னாரைக் கொண்டு பித்தளையில் அதே மாதிரி வார்த்துப் போட்டார். இரண்டு நாளில் பல்லெல்லாம் மழுங்கி மொட்டையாகிவிட்டது. செய்த கம்பனியே சில்லை அனுப்பினால் ஒழிய வழியில்லை. ஆனால் கம்பனி எது? பெயர்த் தகடு இருந்த இடத்தில் நாலு ஆணித்துளை மட்டும்தான் மிச்சம். தகட்டை உப்புத் தண்ணீர் தின்றுவிட்டது.

அண்ணை இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து விறாந்தையில் பரப்பி வைத்துக்கொண்டு தலையில் கைவைத்து இருந்தார். பக்கத்தில் அதன் பித்தளை மூடி பச்சைக் களிம்பேறிக் கிடந்தது. பித்தளையைக் கண்டால் எங்களுக்குக் கை சும்மா இராது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். களிம்பு போனதும் மூடியின் உட்பக்கத்தில் ஒரு பறவை தெரிந்தது. கீழே மூன்று இங்கிலீசு எழுத்துகள், முதல் எழுத்து பாதி தேய்ந்திருந்தது.

"அண்ணை, இஞ்சை பாருங்கோ!"

அவர் மூடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்படி அவர் முகம் மலர்ந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"பிள்ளை, உது ஆரின்ரை கம்பனி எண்டு நீ கண்டுபிடிச்சுத் தா. தந்தாயெண்டால் கடையிலை கடதாசி வேலை முழுக்க உன்ரைதான். மேசை போட்டுத் தாறன், கதிரை போட்டுத் தாறன். சத்தியமாச் சொல்லுறன்."

அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அந்த மாதத்தில்தான் பள்ளிக்கூடத்துப் பெரிய மிஸ் என்னைக் கூப்பிட்டு, ஆசிரியர் பயிற்சி வகுப்பில் ஒரு இடம் இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டிருந்தா. நான் யோசித்தேன். பள்ளிக்கூடத்தில் படித்து, பள்ளிக்கூடத்திலேயே படிப்பித்து, பள்ளிக்கூடத்திலேயே கிழவியாவதா? பட்டணத்தில், இயந்திரச் சத்தத்துக்கு நடுவில், எனக்கென்று ஒரு மேசை. உலகத்துக்குக் கடிதம் எழுதுகிற மேசை. அந்த ஆசை பிடித்து ஆட்டியது. மிஸ்ஸிடம் போய் வேண்டாம் என்று சொன்னேன். "யோசித்துத்தான் சொல்லுகிறாயா?" என்று அவ இரண்டு தரம் கேட்டா. அந்த இடம் என்னோடு படித்த இன்னொருத்திக்குப் போயிற்று.

முதலில் பறவையில் பிழைவிட்டேன். நீண்ட சொண்டைக் கண்டு கொக்கு என்று முடிவு கட்டி, கொழும்பில் இரும்புச் சாமான் இறக்குகிற மூன்று கந்தோர்களுக்குக் கொக்கு முத்திரைத் துறப்பணம் என்று எழுதிவிட்டேன். அப்படி ஒன்று பூமியிலேயே இல்லை என்று மூன்று பேரும் மரியாதையாகப் பதில் எழுதினார்கள். அம்மா ஒருநாள் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர், மூடியைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டுச் சொன்னார்: "விசரி, கொக்குக்குக் கழுத்தெல்லோ நீளம். உதுக்குக் கழுத்து எங்கை கிடக்கு? உது மீன்கொத்தி." ஒரு மாதத் தபால் பாழ்.

பிறகு மூடியின்மேல் மெல்லிய கடதாசியை வைத்துப் பென்சிலால் உரசி, பறவையையும் எழுத்துகளையும் அப்படியே எடுத்தேன். உடைந்த சில்லை உடுப்புத் தோய்க்கிற சவுக்காரக் கட்டியில் அமத்தி அச்செடுத்து, பல்லை எண்ணினேன். பதின்மூன்று. சாய்வு இடப்பக்கம். நூலால் சுற்றளவு பிடித்தேன். இவ்வளவையும் எழுதி, உரசின படத்தையும் ஒட்டி, கண்டவருக்கெல்லாம் அனுப்பினேன். எழுதின ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு கொப்பியில் பிரதி வைத்தேன்.

எல்லாம் அண்ணையின் பேரில்தான் எழுதினேன், பட்டணத்துக் கடை விலாசத்தில். உன் பேரில் ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். இருபது வயதுக் குமர்ப்பிள்ளைக்குச் சீமை முத்திரையோடு கடிதம் வந்தால், தபாற்காரர் அதை எங்கள் படலைக்குக் கொண்டுவருமுன் ஒன்பது படலையில் காட்டியிருப்பார். "வெள்ளைக்காரனுக்கும் என்ரை பிள்ளைக்கும் என்ன கதை எண்டு சனம் கேட்டால் நான் என்ன சொல்லுறது?" என்றார் அம்மா. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் ஊரில் எந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான் பட்டிருக்கும். அண்ணையின் பேர்தானே, அந்நியன் பேரா என்று இருந்துவிட்டேன். அண்ணை பின்னேரம் வந்து நான் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்ப்பார். பதில் வந்தால் கொண்டுவந்து தருவார். நான் வாசித்துத் தமிழில் சொல்வேன்.

ஒரு கம்பனி, எங்களுடைய முத்திரை ஆந்தை, உங்கள் பறவையை அறியோம் என்றது. இன்னொன்று, அப்படி ஒரு பட்டறை இருந்தது, எப்போதோ மூடிவிட்டார்கள் என்றது. அன்று நான் சாப்பிடவில்லை. பிறகு பள்ளிக்கூட வாசிகசாலையில், யாரோ மிஷனரி விட்டுப்போன பழைய எஞ்சினியர் சஞ்சிகைக் கட்டு ஒன்று அகப்பட்டது. அதன் கடைசிப் பக்கத்தில் வாசகர்கள் சந்தேகம் கேட்பார்கள், வேறு வாசகர்கள் பதில் சொல்வார்கள். அங்கே எழுதினேன். மூன்று மாதம் கழித்து, கப்பலில் வேலை பார்த்து ஓய்ந்த ஒருவரிடமிருந்து நாலு வரி வந்தது. மீன்கொத்திக்காரர் மூடவில்லை, இடம் மாறிவிட்டார், இன்ன துறைமுக ஊரில் இன்ன சந்துக்குள் இருக்கிறார், பதினொரு பேர்தான் வேலை, கப்பல் கட்டுகிறவர்களுக்கு மட்டும் செய்கிறார், ஆகையால் வெளியே ஒருவருக்கும் தெரியாது.

நான் குசினிக்குள் அடுப்படியிலேயே துள்ளினேன். மெய்யாகவே துள்ளினேன். அம்மா, "குமர்ப்பிள்ளை மாதிரி நில்லடி" என்றார்.

மீன்கொத்திக்காரரின் முதல் கடிதம் சில்லோடு வந்தது. ஒன்றல்ல, மூன்று சில்லுகள். அவரே கையால் எழுதியிருந்தார். தன்னுடைய துறப்பணம் ஒன்று கடலில் தாழ்ந்து எழும்பி இலங்கையில் பஸ் கட்டுகிறது என்று கேட்டதும் பதினொரு பேரும் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்களாம். மனைவி இறந்த பிறகு தனக்கு இப்படி ஒரு சந்தோஷமான கடிதம் வரவில்லையாம். "ஆயிரம் கடிதத்துக்குள் கிடந்தாலும் உங்கள் எழுத்தை நான் அடையாளம் கண்டுகொள்வேன்" என்று எழுதியிருந்தார். நான் அந்த வரியை அண்ணைக்கு வாசித்துச் சொல்லவில்லை. எனக்கே எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

சில்லைப் பூட்டினார்கள், துறப்பணம் ஓடியது. இன்னும் நாலைந்து கடிதம் போய் வந்தது. இலங்கையில் எங்கள் இயந்திரத்தை விற்க உங்களுக்கு விருப்பமா என்று அவர் மெல்லக் கேட்டார். விருப்பம் என்று நான் எழுதினேன். அதன் பிறகு பதில் இல்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். அண்ணையைக் கேட்டால், "ஒண்டும் வரேல்லைப் பிள்ளை. சீமைக்காரன் மறந்திருப்பான்" என்பார். என்னுடைய கொப்பியையும், கடையில் பத்திரமாக இருக்கும் என்று வாங்கிக்கொண்டு போயிருந்தார்.

இதற்கிடையில் அண்ணைக்குக் கலியாணம் நடந்தது. நல்ல இடம். மச்சாளும் நல்ல பிள்ளை, அவளில் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

கலியாணம் முடிந்து ஆறு வாரமிருக்கும். நூல் வாங்கப் பட்டணத்துக்குப் போனவள், அப்படியே கடைக்குள் எட்டிப் பார்த்தேன். அண்ணை பின்னுக்குப் பஸ்ஸுக்கடியில் கிடந்தார். முன்பக்கம் யன்னலோரமாக ஒரு மேசை. தேக்கு மரம், புதுப் பொலிஷ் மணம். அதில் ஒரு ரைப்ரைட்டர். கதிரையில் மச்சாளின் தமையன் இருந்தார். கொழும்பில் ஏதோ கந்தோரில் குமாஸ்தாவாக இருந்து வேலை போய் வந்தவர். அவருக்குப் பக்கத்தில் என் கொப்பி விரித்துக் கிடந்தது. அதைப் பார்த்துப் பார்த்து ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"வாரும், வாரும்" என்றார் மனிசன். "உம்மடை தமையனின்ரை பழைய கடிதங்கள் நல்லாத்தான் கிடக்கு. நான் அதைத்தான் கொஞ்சம் திருத்தி எழுதுறன்."

தமையனுடைய கடிதங்களாம்! மேசையில் கிடந்த தாளை எடுத்தேன். மீன்கொத்திக்காரரின் கடிதம். இரண்டு மாதத்துக்கு முன் வந்தது. இலங்கை முழுவதற்கும் விற்பனை முகவராக உங்களையே வைத்துக்கொள்கிறேன், உங்கள் படம் ஒன்று அனுப்பினால் பட்டறைச் சுவரில் மாட்டுவோம் என்று எழுதியிருந்தார். படம் போயும் விட்டது. ஸ்ரூடியோவில் எடுத்த இன்னொரு பிரதி மேசைமேல் நின்றது. அண்ணை கோட்டுப் போட்டு, கழுத்துப்பட்டி கட்டி, முன்னால் கடதாசியை வைத்து, கையில் பேனை பிடித்துக்கொண்டிருந்தார். பேனையைத் தலைகீழாகப் பிடிக்காத குறைதான்.

அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"உனக்குச் சொல்லத்தான் இருந்தனான் பிள்ளை."

"எப்ப? நான் செத்தாப் பிறகோ?"

"சத்தம் போடாதை. ஆக்கள் பாக்கினம்." என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய், தாழ்ந்த குரலில் சொன்னார். "கலியாணப் பேச்சிலை பொம்பிளை வீட்டுக்காரர் கேட்டவை. தமையனுக்குக் கடையிலை ஒரு இடம் குடுக்க வேணும் எண்டு. நான் ஓம் எண்டிட்டன். நீ எப்பிடியும் ஒருநாள் கலியாணம் செய்து போற பிள்ளைதானே?"

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

அவர் துடைத்த கையையே திரும்பத் துடைத்தார். தெரியும் என்று விளங்கிக்கொண்டேன். தட்டம் மாற்றின அன்றே தெரியும். எனக்குத்தான் தெரியாது. பலகாரம் சுட்டதும் நான், வந்தவர்களுக்குக் கோப்பி கொடுத்ததும் நான். என் மேசையைக் கொண்டுபோகிறவர்களுக்கு என் கையாலேயே பனங்கட்டித் துண்டும் எடுத்து நீட்டியிருக்கிறேன். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது நூல் வாங்க மறந்துபோனது நினைவுக்கு வந்து அழுகை வந்தது.

அம்மாவோடு நான் பத்து நாள் கதைக்கவில்லை. பெரிய மிஸ்ஸிடம் போனேன். அந்த வருஷத்துக்கு இடமில்லை, அடுத்த வருஷமும் சந்தேகம் என்றா. "நான் இரண்டு தரம் கேட்டேனே, பிள்ளை" என்றா. தமையன் சத்தியம் பண்ணினார் என்று சொன்னால் சிரிப்பா.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து வந்து இருந்தோம். அண்ணை தனியே வந்தார். கையில் மீன்கொத்திக்காரரின் கடிதம்.

"இதுக்கு ஒரு பதில் எழுதித் தா பிள்ளை. மச்சானுக்கு இது விளங்கேல்லை. அவருக்குக் கந்தோர் இங்கிலீசுதான் வரும். நான் உன்னட்டை வந்தது அவருக்குத் தெரிய வேண்டாம், என்ன?"

வாசித்தேன். கிழவர் பாவம், குழம்பிப்போயிருந்தார். இப்போது வருகிற ரைப் அடித்த கடிதங்களில் உங்கள் பழைய குரலைக் காணவில்லையே என்று கேட்டிருந்தார். சில்லைச் சவுக்காரத்தில் அமத்தி அச்செடுத்தேன் என்று முன்பு ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அதை விபரமாக எழுதுங்கள், தூர தேசத்து வாடிக்கைக்காரர்களுக்கு நான் அதைச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்றும் எழுதியிருந்தார். நான் எப்படிச் செய்தேன் என்று கேட்கிறார். அதை மச்சான்காரர் எந்தக் கொப்பியைப் பார்த்துத் தட்டுவார்?

எழுதினேன். சவுக்காரத்தை எவ்வளவு நேரம் வெயிலில் வைத்து இளக்குவது, எண்ணெய் எப்படித் தடவுவது எல்லாம் ஒரு கடதாசி ஒற்றையில் எழுதி, கீழே அண்ணைக்குக் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன். பிறகு இரண்டாவது ஒற்றை எடுத்தேன். ஐயா, முதல் நாள் தொடங்கி உங்களுக்கு எழுதியவள் நான். கையெழுத்துப் போடுகிறவருடைய தங்கை. சுவரில் மாட்டியிருக்கிற படம் என்னுடையதல்ல. உங்களைத் தேடிப் பிடித்தவளும் நானே. எழுத்தைப் பாருங்கள், தெரியும். இவ்வளவுதான் எழுதினேன். கீழே என் முழுப்பெயரைப் போட்டேன். வாழ்க்கையில் முதல் தரம் சீமைக்குப் போகிற கடிதத்தில் என் பெயர்.

"ரெண்டு ஒற்றையோ?" என்றார் அண்ணை.

"விளக்கமாக் கேட்டிருக்கிறார். எழுதினால் நீளும்தானே?"

"ஓமோம்." மடித்து உறையில் போட்டு, நாக்கால் நனைத்து ஒட்டி, "நல்ல பிள்ளை" என்று என் தலையில் தட்டிவிட்டுப் போனார். தன் கையாலேயே தபாலில் போட்டிருக்கிறார்.

அதன் பிறகு நான் நாள் எண்ணினேன். போக மூன்றரை வாரம், வர மூன்றரை வாரம். கிழவர் என்ன எழுதுவார் என்று நூறு விதமாக நினைத்துப் பார்த்தேன். கோபித்து அண்ணைக்கு எழுதுவார். எனக்கு எழுதுவார். படத்தைச் சுவரிலிருந்து கழற்றுவார். ஆயிரம் கடிதத்துக்குள்ளும் கண்டுபிடிப்பேன் என்று சொன்ன மனிசன்.

இரண்டு மாதம் ஆகவில்லை. அண்ணை படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகம் கறுத்திருந்தது. உறையை என் மடியில் எறிந்தார். உள்ளே என்னுடைய இரண்டாவது ஒற்றை நாலாக மடித்தபடி திரும்பி வந்திருந்தது. அதோடு அண்ணைக்குக் கிழவர் எழுதின சின்னக் கடிதம். உங்கள் கடிதத்தோடு இந்தத் தாளும் வந்தது. வீட்டுப் பெண்களுக்கு ஏதோ மனவருத்தம் போலிருக்கிறது. குடும்ப விஷயத்தில் நான் தலையிட விரும்பவில்லை. இனி வியாபாரக் கடிதங்களை வீட்டில் திறந்து வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சவுக்கார விபரத்துக்கு நன்றி, மிகவும் பயன்பட்டது.

இரண்டு ஒற்றையும் ஒரே கை எழுதியது. ஒரே பேனை, ஒரே மை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்த்திருப்பார். தெரியாமல் இருக்க வழியே இல்லை. தெரிந்துகொண்டுதான் திருப்பி அனுப்பினார். அண்ணை செய்ததைக்கூட என்னால் ஒருவாறு தாங்க முடிந்தது, கூடப் பிறந்தவர், கலியாண நெருக்கடி என்று. இவருக்கு என்ன நெருக்கடி? கண் காணாத தேசத்தில் இருந்துகொண்டு, ஒரு வரி எனக்கு எழுதினால் என்ன குறைந்துவிடும்?

"மச்சான் வாசிச்சுச் சொல்லேக்கை எனக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு நினைச்சுப் பாத்தியே?" என்றார் அண்ணை. "சரி, நடந்தது நடந்து போச்சு. இப்ப மன்னிப்புக் கேட்டு ஒண்டு எழுதித் தா. உன்னை மாதிரி வடிவா எழுத ஒருத்தராலும் ஏலாது. இந்த முறை மச்சான் வாசிச்சுப் பாத்தாப் பிறகுதான் போடுவன்."

அவர் என்னைப் புகழ்ந்தது அந்த ஒரு தரம்தான். நான் பேனையை எடுக்கவில்லை. "உங்கடை மச்சானைக் கொண்டே எழுதுவியுங்கோ" என்று எழும்பிப் போனேன்.

நாலு நாள் கழித்து அண்ணை மறுபடி வந்தார். நான் குசினிக்குள் நின்றேன். அவர் அம்மாவிடம் சொல்வது கேட்டது.

"தங்கச்சிக்குப் புத்தி கொஞ்சம் சுகமில்லை எண்டு எழுதிப் போட்டாச்சு அம்மா. இனிப் பிரச்சினை இல்லை."

அம்மா என்ன சொல்லப் போகிறார் என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொன்னால் போதும் என்றிருந்தது.

"அந்தாள் உந்தக் கதையை இஞ்சை ஆருக்கும் எழுதமாட்டார்தானே, தம்பி?" என்றார் அம்மா. "பிள்ளைக்கு இன்னும் கலியாணம் பேசேல்லை."